இடது பக்கத்து வீடுகள்

வாவிக்கரைக் கண் நல மேம்பாட்டுப் பணியகம் பிழை விடுவதில்லை. மின்ஹாஜுக்கு வந்த அழைப்புக் கடிதமே அதற்குச் சாட்சி. அதில் ஓர் எழுத்துப்பிழையும் இருக்கவில்லை. ஏறாவூரில் பதினாறு வருடங்களாகக் கண்ணாடிக் கடை வைத்துப் பார்வை பரிசோதித்துவரும் ஜனாப் மின்ஹாஜ் அவர்கள், குளுக்கோமா ஐயமுள்ளவர்களைக் கண்டறிந்து வைத்தியசாலைக்கு அனுப்பும் ஐந்து நாள் பயிற்சிக்குத் தெரிவாகியுள்ளார் என்று அது சொன்னது. மனைவி முப்லிஹா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அவனுடைய நல்ல சேர்ட்டை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு போனாள்.

பயிற்சி மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. இருபத்திரண்டு கண் பரிசோதகர்கள் வந்திருந்தார்கள். முதல் நாள் வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரைகள். இரண்டாம் நாள், முதல் நாள் உரைகள் பற்றிய குழுக் கலந்துரையாடல். மேடையின் நடுவே கண்ணுக்குள் பார்க்கும் புதிய கருவியொன்று பொலித்தீன் உறையோடு நின்றது. அதற்கு ஒரு மாலையும் போட்டிருந்தார்கள். பிரதம அதிதி வந்து நாடா வெட்டிய பின்தான் உறையைக் கழற்றலாம். பிரதம அதிதி நாளைக்கு வருவார் என்று தினமும் அறிவித்தார்கள். ஆகவே கருவியைப் பயன்படுத்தும் முறையை, அதன் பக்கத்தில் சுவரில் காட்டிய கருவியின் படத்தைப் பார்த்துப் படித்தார்கள்.

நான்காம் நாள் களைத்துப்போன ஒரு கண் வைத்தியர் வந்தார். அவருக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள். அவரை அறிமுகப்படுத்த முப்பத்தைந்து நிமிடம் போனது. மீதி இருபத்தைந்து நிமிடத்தில் அவர் சொன்னதுதான் அந்த ஐந்து நாளில் மின்ஹாஜுக்கு மனதில் நின்றது.

"இது வலிக்காது, சிவக்காது. கண்ணுக்குப் பின்னால நரம்பு புறப்படுற இடம் ஒரு பேக்கரிப் பணிஸ் மாதிரி வட்டமா இருக்கும். நடுவில சின்னக் குழி. நோய் வந்தா குழி பெருத்துப் பெருத்துப் பணிஸைத் தின்னும். பக்கப் பார்வைதான் முதல்ல போகும். நேர இருக்கிறது கடைசிவரைக்கும் தெரியும், எழுத்தெல்லாம் வாசிப்பார். போன பார்வை திரும்பாது. இருக்கிறதைத் துளிமருந்தால காப்பாத்தலாம். அதனால எனக்கு வேண்டியது ஒண்டுதான். நேரத்தோட அனுப்புங்க."

அவருக்கு நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பணிப்பாளர் எழுந்தார். உயரமான, அழகாகப் பேசக்கூடிய மனிதர். அவர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"வைத்தியர் அவர்கள் அனுப்புங்கள் என்றார். நானும் சொல்கிறேன், ஐயம் வந்தால் அனுப்புங்கள். ஆனால் ஐயம் சரியானதாக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பியவருக்கு நோய் இல்லையென்றால் அது பிழையான அனுப்புகை. மூன்று பிழையான அனுப்புகைகள் வந்தால் உங்கள் சான்றிதழ் மீளப் பெறப்படும். தரம் என்றால் தரம்."

தன்னாமுனையிலிருந்து வந்திருந்த டினோஷா என்ற பரிசோதகர் கையை உயர்த்தினாள். "சேர், நாங்க அனுப்பாம விட்ட ஒருத்தருக்கு நோய் இருந்தா?"

பணிப்பாளர் கண்ணைத் திறந்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் அவர் தடுமாறவில்லை.

"அது புள்ளிவிபரத்தில் வராது தங்கச்சி. அனுப்பாதவர் எங்களிடம் வரமாட்டாரே."

எல்லோரும் கைதட்டினார்கள். மின்ஹாஜும் தட்டினான். பிற்பாடு அவன் நினைத்து நினைத்து வெட்கப்பட்ட விடயங்களில் இந்தக் கைதட்டலும் ஒன்று.

சான்றிதழை முப்லிஹா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். மாதக் கடைசியில் பணியகத்தின் தர உறுதி இணைப்பாளர் செல்வி விதுர்ஷா, எல்லோருடைய கைபேசிக்கும் ஓர் அட்டவணை அனுப்பினாள். பெயருக்கு நேரே பிழையான அனுப்புகைகளின் தொகை. டினோஷா, ஒன்று. மின்ஹாஜ், பூச்சியம். பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு பூங்கொத்துப் படமும் இருந்தது. மின்ஹாஜ் அதை ஒரு நாளில் நான்கைந்து தரம் எடுத்துப் பார்த்தான்.

அடுத்த கிழமைதான் பாறூக் காக்கா கடைக்கு வந்தார்.

பாறூக் காக்கா அந்தப் பகுதியில் பாண் ஓட்டோ ஓட்டுபவர். காலையும் பின்னேரமும் பாட்டை ஒலிக்கவிட்டபடி, பேக்கரியில் எடுத்த பாணும் பணிஸும் விற்றுக்கொண்டு வருவார். ஐம்பத்தாறு வயது. பள்ளிவாசலில் முதல் வரிசைக்காரர். ஊருக்கே மூத்த அண்ணன்போல, அதனால் எல்லோருக்கும் காக்கா.

"குர்ஆன் ஓதக்குள்ள எழுத்துச் சின்னனாப் போகுது மனே. வாசிக்கிற கண்ணாடி ஒண்டு தா."

சுவர் அட்டையின் கடைசி வரிவரைக்கும் அவர் தடங்கலில்லாமல் வாசித்தார். மின்ஹாஜ் பயிற்சியில் படித்ததை நினைத்துக்கொண்டு கேட்டான்.

"காக்கா, உங்கட குடும்பத்தில ஆருக்காச்சும் கண் தெரியாமப் போனதா?"

"உம்மாக்கு. கடைசிக் காலத்தில செவரத் தடவித் தடவித்தான் நடந்த. வயசுக்குப் போனா அப்பிடித்தானே."

மின்ஹாஜ் தன்னிடமிருந்த சிறிய கருவியால் உள்ளே பார்த்தான். வலது கண்ணில் குழி கொஞ்சம் பெரிது. இடது கண்ணில் குழிதான் இருந்தது, பணிஸ் இல்லை. ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அவன் மேசை லாச்சியைத் திறந்து, வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கான 'படிவம் ஏழு' எடுத்தான். பதினொரு பக்கம். இருபத்துமூன்றாம் கேள்வி, 'நோயாளி தனது நோயை எத்தனையாம் திகதியிலிருந்து உணரவில்லை?' என்று கேட்டது. அதை எப்படியோ நிரப்பினான். முப்பத்தோராம் கேள்வியில் பேனை நின்றது. 'பரிசோதகரின் ஐயம் உறுதியானதா? ஆம் எனில் அது ஐயமல்ல, படிவத்தை நிறுத்தவும். இல்லை எனில் அனுப்ப வேண்டாம்.'

மின்ஹாஜ் சான்றிதழை நிமிர்ந்து பார்த்தான். தான் கண்டது பிழையாக இருந்தால்? ஒழுங்கான கருவியை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே. பூச்சியத்துக்குப் பதிலாக ஒன்று என்று வரும். பூங்கொத்து போய்விடும். இருபத்தொரு பேர் பார்ப்பார்கள்.

"என்ன மனே, யோசிக்கிறாய்?"

"ஒண்டுமில்ல காக்கா. ஆறு மாசத்தால ஒருக்கா வாங்க. பாப்பம்."

"இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் பாறூக் காக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சந்தோசமாகச் சிரித்தார். போகும்போது, கடைக்கு வெளியே நின்ற ஓட்டோவிலிருந்து இரண்டு சீனிப் பணிஸ் எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மின்ஹாஜுக்கு அதைச் சாப்பிட மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத் தனக்குத்தானே சொல்லவும் மனம் வரவில்லை. படிவத்தைக் கிழித்துப் போட்டான்.

ஒரு மனிதனுக்குக் குற்ற உணர்ச்சி வந்தால், அதை மாற்றவென்று ஒரு சின்னக் கோபத்தைத் தேடிக்கொள்வான். மின்ஹாஜுக்கும் அது கிடைத்தது. சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் அவன் பாறூக் காக்காவின் இடப்பக்கத்தில் இருந்தான். தொழுகை முடிந்ததும், எல்லோரும் செய்வதுபோல் சலாம் சொல்லிக் கையை நீட்டினான். சுற்றிவர எல்லோரும் சலாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பாறூக் காக்கா திரும்பியும் பார்க்காமல் எழுந்து போனார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள்.

"கண்ணாடி சரியில்லாம இரிக்கும்" என்றாள் முப்லிஹா, வீட்டில் விடயத்தைக் கேட்டு. "அந்தக் கோவந்தான். இப்ப காலையில எங்கட வீட்டுக்கும் நிப்பாட்டுறல்ல. நான் பாத்திரத்தத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிக்கிறன், மனிசன் நேர பாத்துக்கொண்டு போறாரு."

அவர்கள் வீட்டை மட்டுமல்ல. வாவிக்கரைக்குப் போகும் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில், அவர்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் காலையில் பாண் ஓட்டோ கடந்து போனது. ஒழுங்கை உடனே காரணத்தைக் கண்டுபிடித்தது. போன பள்ளிவாசல் நிருவாகத் தெரிவில் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு அணி, எதிர்ப்பக்கம் மற்ற அணி. பாறூக் காக்கா எதிர் அணிக்குப் போய்விட்டார். இந்தப் பக்கத்தார் கூடிப் பேசி, அவரிடம் பாண் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அவர் நிறுத்தாத ஓட்டோவில் வாங்காமல் விடுவது அவர்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பின்னேரம் அது திரும்பி வரும்போது ஒருவரும் வாசலுக்கு வரவுமில்லை.

இதற்கிடையில் டினோஷாவின் சான்றிதழ் பறிபோனது. அவள் அனுப்பிய ஒருவரை வைத்தியர் பார்த்துவிட்டு, இன்றைக்கு நோய் இல்லை, வருடா வருடம் வந்து காட்டுங்கள், நல்ல நேரம் வந்தீர்கள் என்று எழுதியிருந்தார். பணியகம் 'இன்றைக்கு நோய் இல்லை' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. அது மூன்றாவது பிழை. டினோஷா தொலைபேசியில் சிரித்தாள். "மின்ஹாஜ் அண்ணன், நான் அவுட். நீங்க நின்று விளையாடுங்க."

பயிற்சி முடிந்து எட்டாம் மாதம், மின்ஹாஜுக்கு 'பூச்சிய விருது' அறிவிக்கப்பட்டது. விழா சனிக்கிழமை.

வியாழக்கிழமை பின்னேரம் அவன் வீட்டு வாசலில் நின்றான். பாண் ஓட்டோ வாவிக்கரையிலிருந்து திரும்பி வந்தது. வந்து, அவன் வீட்டு வாசலில் நின்றது.

"பாண் வேணுமா மனே?" பாறூக் காக்கா சிரித்துக்கொண்டு கேட்டார். ஒரு கோபமும் இல்லை. அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆத்திரத்தோடு ஒரு குரல் வந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் நிஸ்றா.

"இஞ்ச ஒரு மனிசி கை காட்டுறது தெரியல்லயா காக்கா? காலையில எங்களுக்கு நிப்பாட்டுற, பின்னேரம் அவங்களுக்கு நிப்பாட்டுற! பகலுக்குள்ள கட்சி மாறுற ஆள நான் இப்பதான் பாக்கிறன்!"

மின்ஹாஜ் ஓட்டோவைப் பார்த்தான். அதன் இடது பக்கம் முழுக்கக் கீறல். பின்னால் பார்க்கும் இடது கண்ணாடி உடைந்து, கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கம் வாங்கிய நாளில் இருந்ததுபோல் இருந்தது. காலையில் வாவிக்குப் போகும்போது இந்த வீடுகள் இடது பக்கம். பின்னேரம் திரும்பும்போது அந்த வீடுகள் இடது பக்கம்.

பள்ளிவாசலில் அவன் இருந்ததும் இடது பக்கம்.

இறைவன் இரண்டு கண் தந்தது ஒன்றின் குறையை மற்றது மூடட்டும் என்றுதான். அந்த இரக்கத்தாலேயே, இந்த மனிதர் தன் கண் போவதை அறியாமல் இருந்தார். அறிந்த ஒருவன் ஊரில் இருந்தான். அவன், 'கை நீட்டினேன், வாங்கவில்லை' என்று மாதக்கணக்காகக் கோபமாக இருந்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. விருது சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தான். இரண்டு பாண் வாங்கினான்.

சனிக்கிழமை மண்டபத்தில் அதே கருவி, அதே பொலித்தீன் உறை, புதிய மாலை. பிரதம அதிதி உண்மையாகவே வந்திருந்தார். நாடா வெட்டி உறையைக் கழற்றினார். எல்லோரும் கைதட்டியதும், தூசு படாமலிருக்க அதைத் திரும்ப உறைபோட்டு உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள்.

பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"எட்டு மாதங்கள். இருபத்திரண்டு பரிசோதகர்கள். ஒரேயொரு பூச்சியம்! பூச்சியம் என்பது வெறுமையல்ல, அது முழுமை. ஜனாப் மின்ஹாஜ் அவர்களைப்போல எல்லோரும் பணியாற்றினால், இன்னும் ஒரு வருடத்தில் இந்தப் பிரதேசத்தில் குளுக்கோமா என்று ஒன்று பதிவாகவே மாட்டாது. வைத்தியசாலையில் நெரிசல் இராது. நோயில்லாத சமூகத்தை இப்படித்தான் கட்டியெழுப்ப வேண்டும்."

கேடயம் கொடுத்து, ஒலிவாங்கியையும் கொடுத்தார்கள். இந்தச் சாதனையை எப்படி அடைந்தார் என்று சபைக்குச் சொல்ல வேண்டுமாம். முன் வரிசையில் முப்லிஹா கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒருத்தரையும் அனுப்பல்ல" என்றான் மின்ஹாஜ்.

பெரிய கைதட்டல்.

"அப்பிடி இல்ல. ஒருத்தர அனுப்பியிருக்க வேணும். எனக்கு விளங்கினது. தெரிஞ்சுகொண்டே அனுப்பல்ல. இந்தப் பூச்சியத்துக்காகத்தான் அனுப்பல்ல."

பணிப்பாளர் ஒலிவாங்கியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"பாருங்கள், இந்தப் பணிவை! விருதின் உச்சியில் நிற்கும்போதும் தன்னிடம் குறை தேடுகிறார்."

மறுபடியும் கைதட்டினார்கள். முப்லிஹா மட்டும் தட்டவில்லை. கைபேசியைத் தாழ்த்திவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையிலிருந்து இறங்கியதும் அவன் நேரே விதுர்ஷாவிடம் போனான். "மிஸ், இப்ப ஒரு ஆள அனுப்ப வேணும். படிவம் ஏழு ஒண்டு தாங்க."

"ஏழு இப்ப இல்ல அண்ணன். 'ஏழு அ' எண்டு மாத்தியிருக்கு, பதினாலு பக்கம். இன்னும் அச்சுக்குப் போகல்ல. ஒருத்தரும் கேக்கல்லத்தானே."

"எப்ப வரும்?"

விதுர்ஷா பதில் சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பணிப்பாளர் எங்கே நிற்கிறார் என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன், செவ்வாய்க்கிழமை கண் கிளினிக்குக்குப் படிவம் இல்லாமலும் போகலாம். வெள்ளனப் போய் நம்பர் எடுத்தாச் சரி. நான் சொன்னதெண்டு சொல்லாதீங்க."

"இப்ப புதுசா அப்பிடிச் செய்யிறாங்களா?"

"இல்ல, எப்பவும் போகலாம்."

அந்தப் பெண் அவனுக்கு நல்லதைத்தான் செய்தாள். அவளுடைய வேலைக்கே ஆபத்தான ஒரு நன்மை அது. ஆனால் 'எப்பவும் போகலாம்' என்ற இரண்டு சொல்லும், அன்றைக்குக் கேட்ட எல்லா உரைகளையும்விடப் பாரமாக அவனோடு ஏறாவூர் வரைக்கும் பஸ்ஸில் வந்தன.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கின் நீட்டு மர வாங்கில் அவனும் பாறூக் காக்காவும் இருந்தார்கள். கண் நரம்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தான். எதிர் வாங்கில் டினோஷா, ஒரு வயதான அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு இருந்தாள்.

"நீங்களா அண்ணன்! பூச்சியம் என்ன செய்யுது இஞ்ச?"

"உங்கட சான்றிதழத்தான் பறிச்சிட்டாங்களே?"

"கூட்டிக்கொண்டு வாறதுக்கு ஆரு சான்றிதழ் கேக்கிறாங்க? இவ இரத்தினம்மா, வவுணதீவு. மூண்டாவது பிழையும் இவதான். ஒரு வருசம் இன்னும் ஆகல்ல, எண்டாலும் எனக்குப் பயம், ஒருக்காக் காட்டுவமெண்டு." இரத்தினம்மா தன்னைப் பிழை என்று சொன்னதற்குக் கோபிக்காமல், பாறூக் காக்காவுக்கு ஒரு தோடம்பழத்தை நீட்டினாள். அவருடைய இடது பக்கமாக நீட்டினாள். அவர் காணவில்லை. மின்ஹாஜ்தான் அதை வாங்கி, அவர் கையில் வைத்தான்.

வைத்தியர், அதே களைத்த மனிதர், வெகுநேரம் பார்த்தார்.

"ஆரு இவர அனுப்பினது?"

"நான்தான் டொக்டர்."

"முதல்ல எப்ப கண்டீங்க?"

போன கிழமை என்று சொல்லலாம். ஒருவருக்கும் தெரியாது. மின்ஹாஜ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எட்டு மாசத்துக்கு முன்னுக்கு."

வைத்தியர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் மின்ஹாஜுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

இடது கண்ணில் சாவித்துவாரம் அளவுதான் மிஞ்சியிருந்தது. வலது கண்ணைத் தினமும் மருந்து விட்டால் காப்பாற்றலாம். இனி ஓட்டோ ஓட்டக் கூடாது. எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் என்று மின்ஹாஜ் கேட்டான். "எவ்வளவெண்டு சொல்ல ஏலாது" என்றார் வைத்தியர். "இதவிடக் கூட."

எல்லாவற்றையும் பாறூக் காக்கா கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் இருந்தார். தன்னாமுனை தாண்டியது. மின்ஹாஜ் மூன்று முறை மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். கடைசியில் அவர்தான் பேசினார்.

"நீ அண்டைக்கே கண்ட."

"ஓம் காக்கா."

"கண்டுகொண்டு, ஆறு மாசத்தால வாங்க எண்ட."

"ஓம்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நிஸ்றா ஏசினது சரிதான் என்ன? கை காட்டக் காட்டப் போயிருக்கன்" என்றார். "பள்ளியிலயும் ஆரும் கை நீட்டியிருப்பாங்களா?"

மின்ஹாஜ் அவர் பக்கம் திரும்பினான். "நான் நீட்டின காக்கா."

"எத்தின பேரோ" என்று பாறூக் காக்கா தனக்குள் சொல்லிக்கொண்டார். கண் போனதைவிட அது அவரை அதிகம் வருத்தியதுபோல் இருந்தது. மின்ஹாஜை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.

கட்டாரிலிருக்கும் பாறூக் காக்காவின் மருமகன் றமீஸ் வரும்வரைக்கும், காலையும் பின்னேரமும் பாண் ஓட்டோவை மின்ஹாஜ் ஓட்டினான். ஒருவரும் கேட்கவில்லை, அவனே போய் ஓட்டோவின் திறப்பை வாங்கினான். பாறூக் காக்கா பின்னால் இருந்து பாண் எடுத்துக் கொடுத்தார். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். முதல் நாள் ஒவ்வொரு வாசலிலும் காக்கா இறங்கி மன்னிப்புக் கேட்டார். நிஸ்றா அழுதுவிட்டாள். பாண் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் தேவைக்கு மேலாக வாங்கினார்கள். அந்தக் கிழமை அந்த ஒழுங்கையில் கோழிகள்கூடப் பாண் தின்றன.

அடுத்த அட்டவணை வந்தது. மின்ஹாஜ், பூச்சியம். பூங்கொத்து. அவன் பணியகத்துக்குக் கடிதம் எழுதினான். தான் எட்டு மாதமாக ஒருவரை அனுப்பாமல் விட்டது பிழை, அதைத் தன் பெயருக்கு நேரே பதிய வேண்டும் என்று கேட்டான். மூன்று கிழமையில் பதில் வந்தது. குறித்த நோயாளி படிவமின்றி வந்ததால் அவர் 'தானாக வந்தவர்' ஆவார். தங்கள் பூச்சியத்தில் மாற்றம் இல்லை. பணியகத்தின் பதிவுகளில் பிழை இருப்பதில்லை என்பதையும் தயவுடன் அறியத் தருகிறோம்.

கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழையும் இருக்கவில்லை. சான்றிதழைக் கழற்றி லாச்சியில் வைத்துவிட்டு, அந்தச் சட்டத்தில் அவன் கிளினிக் நாட்களை எழுதி மாட்டினான். கீழே, 'படிவம் தேவையில்லை. கூட வர ஆள் இல்லாவிட்டால் சொல்லுங்கள்' என்று எழுதினான்.

வெள்ளிக்கிழமை தொழுகையில், அவன் பாறூக் காக்காவின் இடது பக்கத்திலேயே போய் இருந்தான். தொழுகை முடிவில் எல்லோரும் வலமும் இடமும் முகத்தைத் திருப்பிச் சலாம் சொன்னார்கள். இடது பக்கம் திரும்பிய பாறூக் காக்காவின் முகம் அப்படியே நின்றது. உடம்பையும் திருப்பினார். அங்கே யார் இருக்கிறார் என்று தேடினார். கண்டுகொண்டார். பிறகு கையை நீட்டினார்.

மின்ஹாஜுக்கு இரண்டு கண்ணும் நல்ல பார்வை. நீட்டிய கை தெளிவாகத் தெரிந்தது. இருந்தும் அதைப் பிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.